உச்சிப்புளியில் பதினெட்டாயிரம்

உச்சிப்புளியில் ஏறும்போது பதினெட்டாயிரம்.
கடைவாயில் ஒதுக்கிய மிட்டாய் போல
அந்த எண்ணைக் கரையாமல் வைத்திருந்தேன்.

காசில்லாத டிக்கெட்டைக் கிழித்து நீட்டிய கண்டக்டர்
'உள்ள போம்மா, உள்ள போ' என்றார்.
போனேன்.
சொன்னதும் உள்ளே போகிற பழக்கம் என் கால்களுக்கு.
பிரப்பன்வலசையில் யாரோ ஒருத்தி
கேட்காமலே என் மடியில் பிள்ளையை உட்கார்த்தினாள்.
பதினேழு.
சுந்தரமுடையானில்
சாருக்கும் மேலே ஒரு முதலாளி இருப்பாரே என்று தோன்றியது.
பதினாறு.
வேதாளையில் கருவாட்டு வாசம் ஜன்னலேறி வந்தது,
அதற்கென்று எதுவும் குறைக்கவில்லை.
மரைக்காயர்பட்டினத்தில் கடல் கண்ணில் பட்டதும்
ஏனோ ஒரேயடியாக ஆயிரத்து ஐந்நூறு.
மண்டபத்தில் இறங்கியவளிடம்
பதினாலாயிரத்து ஐந்நூறு மிச்சமிருந்தது,
அதுவும் சார் மனசு வைத்தால்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்குப் போய் மூன்று மாதம்.
அவளுடைய நீலத் தொப்பி இப்போது என் தலையில்,
கொஞ்சம் பெரிசு, காதை மறைக்கிறது.
நாற்பத்திரண்டு பெண்கள், பதினொரு மேசை,
வெந்த நண்டு, ஐஸ்,
மணிக்கொரு தரம் டிகிரி எழுதுகிற புத்தகம்.
டின்னுக்குள் நகக்கண் அளவு ஓடு போய்விட்டால்
எந்தக் கை என்று கேட்பார்கள்.
நாற்பத்திரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

மேசையில் இருந்தபோது கிலோவுக்கு எண்பது.
என் விரல் ஒரு நாளைக்கு ஆறு கிலோ சதை எடுக்கும்,
ஜகுபர் நிசாவை விட அரைக் கிலோ கூட
(அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்).
இப்போது நண்டைத் தொடக் கூடாது, பார்க்க வேண்டும்.
பார்ப்பதற்கு மாசம் பன்னிரண்டாயிரம்.
இருபத்தாறு நாள் கணக்குப் போட்டால்
மேலே ஏறியதில்
நானூற்றி எண்பது ரூபாய் கீழே விழுந்திருக்கிறேன்.

'உன்னை நம்பித்தான் முனீஸ்வரி' என்று
விபூதி கொடுக்கிற மாதிரி சாவிக்கொத்தைக் கொடுத்தார் சார்.
நானும் இரண்டு கையையும் நீட்டித்தான் வாங்கினேன்.
ஒன்பது சாவி.
எட்டு எதற்கென்று சொன்னார்.
ஒன்பதாவதைப் போன வாரம்
பழைய ரெஜிஸ்டர் தேடும்போது
மூலையிலிருந்த இரும்பு அலமாரியில் போட்டுப் பார்த்தேன்.
திறந்தது.
ஜெசிந்தாவின் சம்பள வவுச்சர்கள்,
ஸ்டாம்பின் மேல் அவளுடைய சாய்ந்த கையெழுத்து:
பதினெட்டாயிரம்.

'இந்த வருஷம் நண்டு கம்மி' என்றார் சார்.
ஆமா சார்.
'வெளிநாட்டுக்காரன் விலையை அடிக்கிறான்.'
ஆமா சார்.
'ஜெசிந்தாவுக்கு அனுபவம் இருந்துச்சு.'
இதற்கும் ஓர் ஆமா வாய்வரை வந்துவிட்டது.
கை வியர்த்தது. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தேன்.
வேறு அர்த்தம் எதுவும் இல்லை, சத்தியமாக.
ஆனால் கண்ணாடி மேசை.
சார் சாவியைப் பார்த்தார்.
வெளியே வேனிலிருந்து இறங்கும் நண்டுக் கூடைகளைப் பார்த்தார்.
மறுபடி சாவியை.
'எவ்வளவு எதிர்பாக்குற?'

'பதினெட்டாயிரத்து ஐந்நூறு சார்.'

அந்த ஐந்நூறு
எந்த ஸ்டாப்பில் ஏறியதென்று
எனக்கே தெரியவில்லை.

'திங்கக்கிழமை சொல்றேன்' என்றார்.
இன்று வியாழன்.
'சாவியை எடுத்துக்க.'
எடுத்துக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்ததும்
ஓடு உடைகிற சத்தம் ஒரு நொடி நின்று, தொடர்ந்தது.
ஜகுபர் நிசா தலை நிமிராமல் புருவத்தால் கேட்டாள்.
திங்கள் என்றேன் உதட்டால்.
பதினொரு மணிக் கட்டத்தில்
நாலு டிகிரி என்று எழுத வேண்டியதைப்
பதினெட்டு என்று எழுதிவிட்டேன்.
அடித்தேன்.
அடித்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும்,
கம்பெனி விதி.
போட்டேன்.